வெள்ளிக்கிழமை இரண்டு பதின்மூன்று

"மூண்டு பிள்ளையளையும் நான் நோர்மலாத்தான் பெத்தனான். ஒரு கத்தியும் என்ர வயித்தில படேல்லை" என்று சரோஜினிதேவி அறிவித்தபோது, ஜனா தோசையின் முதல் துண்டைக்கூட வாயில் வைத்திருக்கவில்லை.

"உங்கட காலம் வேற மச்சாள்" என்றார் மேசையின் மறுபக்கத்திலிருந்து தவமலர். "இப்ப நாள் பார்த்து, நேரம் பார்த்து, அரை மணித்தியாலத்தில பிள்ளையை எடுத்துக் கையில தாறாங்கள். ஏன் அந்தப் பிள்ளை கிடந்து கத்த வேணும்?"

சரோஜினிதேவி ஜனாவின் அம்மா. தவமலர் ஜனாவின் மாமியார். இரண்டு பேரும் பிள்ளைப்பேறு பார்க்கவென்று வெள்ளவத்தைக்கு வந்து, இரண்டு அறை ஃபிளாட்டில் ஒரே அறையில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒன்றரை மாதமாக ஒரே விஷயத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் சொல்லுங்கோ தம்பி" என்றார் தவமலர்.

"நீ சொல்லு ஜனா" என்றார் சரோஜினிதேவி.

"பார்ப்பம்" என்றான் ஜனா.

ஜனாவுக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. நட்டஈடு கேட்டுக் கோபத்தோடு வருகிறவர்களை, ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் 'பார்ப்பம்' என்று அனுப்பிவைப்பதில் ஒன்பது வருட அனுபவம். அலுவலகத்தில் எடுபட்ட அந்தச் சொல் வீட்டில் எடுபடவில்லை.

கருவுற்றிருந்தவள் ஹம்சிகா. அவள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து மாதுளம்பழம் உடைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சண்டைக்கு அவள்தான் காரணம். ஏழாம் மாதக் கிளினிக்குக்குப் போய் வந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டில் சரோஜினிதேவி ஏதோ எழுத்து, எண் என்று ஒரு கதையைத் தொடங்கியிருந்தார். ஹம்சிகா திடீரென்று, "மாமி, நோர்மலோ சீசரோ எண்டு எனக்கு ஒரே குழப்பமாக் கிடக்கு" என்றாள். தொடங்கிய கதை அப்படியே நின்றது. அன்றைக்குப் பிடித்ததுதான்.

தனியாக அகப்பட்ட நேரத்தில் ஜனாவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"பெறப்போறது நான். முடிவும் என்ர. இவையள் ரெண்டு பேரும் எனக்காக ஒண்டையும் முடிவெடுக்காமப் பார்த்துக்கொள்ளுங்கோ. அது காணும்."

ஜனா தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டான். எட்டு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. அவள் இதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இதையும் செய்யாவிட்டால் தான் என்ன புருஷன் என்று அவனுக்கே பட்டது.

ஆகவே அவன் செயலில் இறங்கினான். அம்மாவைச் சமாதானப்படுத்துவதுதான் முதல் வேலை என்று நினைத்தான். அதுதான் முதல் பிழை.

"அம்மா, மாமி சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கு. சீசர் எண்டால் நட்சத்திரத்தை நாங்களே தெரிவு செய்யலாமெல்லே?"

சரோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபத்தெட்டு வயதுவரை யாரும் அவருக்கு இதை இப்படி எடுத்துச் சொன்னதில்லை. பிறந்தபிறகு நட்சத்திரத்தைப் பார்த்துக் கவலைப்படுவதுதான் அவருக்குத் தெரியும். நட்சத்திரத்தை முதலில் எடுத்துவைத்துவிட்டுப் பிள்ளையைப் பெறலாம் என்பது புதுச் செய்தி.

"அப்ப சீசரே நடக்கட்டும்" என்றார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வாக்கிய பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார்.

தவமலரும் எழுந்து போனார். அவர் கொண்டுவந்தது திருக்கணித பஞ்சாங்கம்.

இந்த இரண்டும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. ஒன்றில் இன்றைக்கு விரதம் என்றால் மற்றதில் நாளைக்கு. ஒரே தெருவில் ஒரு கோயிலில் கொடியேறும்போது மற்றக் கோயிலில் மடைப்பள்ளியே திறந்திருக்காது. நட்சத்திரம் மாறும் நேரத்தில் இரண்டுக்கும் ஒன்றரை மணித்தியாலம் வித்தியாசம் வரும். நேற்றுவரை வெட்டுவதா வேண்டாமா என்று நின்ற சண்டை இப்போது எத்தனை மணிக்கு வெட்டுவது என்பதற்கு ஏறியது. கத்தி விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

"நீங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள் எண்டு தெரியுதா?" என்று ஹம்சிகா கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

"பார்ப்பம்" என்றான் ஜனா.

இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பொதுவான நேரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. கொட்டாஞ்சேனையில் சவுந்தரநாயகம் என்ற சாத்திரியார் இருந்தார். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனான். சாத்திரியார் இரண்டு மணித்தியாலம் கணக்குப் போட்டார். வெற்றிலை போட்டார். திரும்பவும் கணக்குப் போட்டார்.

"வாற வெள்ளிக்கிழமை, பின்னேரம் ரெண்டு பதின்மூண்டில இருந்து ரெண்டு முப்பது. ரெண்டு பஞ்சாங்கத்திலயும் உத்தராடம். ராகுவும் இல்லை, எமகண்டமும் இல்லை. பதினேழு நிமிசம். பிந்திப் போனால் நான் பொறுப்பில்லை."

வீட்டில் அந்தப் பதினேழு நிமிடம் பெரிய வரவேற்பைப் பெற்றது. இரண்டு தாய்மாரும் பஞ்சாங்கங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். சரோஜினிதேவி சம்பந்திக்குத் தன் கையால் கோப்பி போட்டுக் கொடுத்தார்.

"அப்பாடா" என்றார் தவமலர். "இனி அடுத்த அலுவலைப் பார்க்கலாம். உத்தராடத்துக்கு என்ன எழுத்து வரும் மச்சாள்?"

"அம்மா!" என்று அறைக்குள்ளிருந்து ஹம்சிகாவின் குரல் கேட்டது. "கீழ்வீட்டு ஸும்றா அக்கா சொன்னவ, அவவுக்கு ஒண்டு நோர்மல், ஒண்டு சீசராம். நோர்மலுக்கு முன்னுக்கு நோவாம், சீசருக்குப் பின்னுக்கு நோவாம். தையல் ஆறும்வரைக்கும் பிள்ளையைத் தூக்கக் குனியவே ஏலாம இருந்ததாம். எனக்கு இப்ப நோர்மல்தான் நல்லதோ எண்டு கிடக்கு."

கோப்பி ஆறியது. சரோஜினிதேவிக்குத் தன் மூன்று நோர்மல்களும் ஞாபகத்துக்கு வந்தன. தவமலருக்கு நோவு பற்றிய பயம் திரும்பி வந்தது. பதினேழு நிமிடத்தைக் கைவிடவோ இருவருக்கும் மனமில்லை. அன்றைக்குச் சோறு வடிக்க மூன்று மணியாயிற்று.

திங்கட்கிழமை கிளினிக். டொக்டர் ஷிஹாரா நிதானமான பெண். ஸ்கான் படத்தைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எழுதினார். ஹம்சிகாவை உடை மாற்ற அனுப்பியபின் ஜனா மெதுவாகக் கதிரையை முன்னே இழுத்தான்.

"டொக்டர், வெள்ளிக்கிழமை ரெண்டு பதின்மூண்டுக்கு ஏலுமா?"

"என்ன ஏலுமா?"

"சீசர்."

டொக்டர் பேனையை மூடினார். "ரெண்டு பதின்மூண்டுக்கு நான் சோறு சாப்பிடுவேன், மிஸ்டர் ஜனா. பிள்ளையிட தலை கீழ இருக்கு, நிறை சரி, தாயும் நல்லா இருக்காங்க. காரணம் இல்லாம நான் கத்தி எடுக்க மாட்டேன். காரணம் வந்தா ஒரு நிமிஷமும் பார்க்க மாட்டேன். அதுவும் அவங்கட வாயால கேக்கணும். உங்கட வாயால இல்ல."

ஜனா வெளியே வந்தபோது, ஹம்சிகா வாங்கிலில் உட்கார்ந்து குப்பாயியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். குப்பாயி அந்த ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டு, படிவம் வாங்கி, நிறை பார்த்து அனுப்பும் பெண். ஏழாம் மாதத்தில்தான் இருவருக்கும் பழக்கம். அந்த முதல் நாளில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "யோக... ஹம்ச... த்வனிக்கா... யாருங்க இது, மூணு பேரா?" என்று மண்டபமே திரும்பும்படி குப்பாயி கூப்பிட்டாள். ஹம்சிகா காது சிவக்க எழுந்து போனாள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் அதுதான். முதலெழுத்து நட்சத்திரம் தந்தது, நடுவில் உள்ளது பெரியப்பா தந்தது, கடைசியில் உள்ளது எண்சாத்திரக்காரர் போட்டது. வங்கிப் படிவத்தில் கட்டம் போதாது. ஹம்சிகா என்பது பள்ளிக்கூடத்தில் அவளே வெட்டி எடுத்துக்கொண்டது.

"டொக்டர் என்ன சொன்னவ?" என்று வீட்டில் இரண்டு தாய்மாரும் வாசலிலேயே கேட்டார்கள்.

ஜனா களைத்துப்போயிருந்தான். ஹம்சிகா குளிக்கப் போயிருந்தாள். ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அவன் 'பார்ப்பம்' என்று சொல்லவில்லை.

"ஓம் எண்டவ" என்றான். "வெள்ளிக்கிழமை."

அவளிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், பயந்துவிடுவாள் என்றும் சேர்த்துக்கொண்டான். தாய்மார் அவளிடம் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் சொன்னார்கள். அரைமணித்தியாலத்தில் லண்டனில் ஒரு பெரியம்மா வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குப் பதிந்தார். டொரொண்டோவில் ஒரு சித்தப்பா அலாரம் வைத்தார். மாத்தளையிலிருந்து ஒரு மாமா வெள்ளி காலை பஸ்ஸில் ஏறுவதாக எழுதினார்.

ஜனா போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். மனைவிக்குக் கொடுத்த வாக்கை மூன்று நாடுகளுக்கு முன்னால் உடைத்தாயிற்று. எப்படிச் சொல்வது? செவ்வாய் முழுவதும் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து அவளுக்கு மாதுளம்பழம் உடைத்துக் கொடுத்தான். புதன்கிழமை காலை எப்படியும் சொல்லிவிடுவது என்று அலுவலகத்துக்கு லீவு போட்டான்.

புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு ஹம்சிகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜனா, தண்ணீர்க்குடம் உடைஞ்சிட்டுது. த்ரீவீலரைக் கூப்பிடுங்கோ."

"இண்டைக்குப் புதன்!" என்றார் தவமலர்.

"பன்ரண்டுக்கு ராகு காலம் தொடங்குது" என்றார் சரோஜினிதேவி. "ஒண்டரைக்குப் பிறகு வெளிக்கிடுவம். கொஞ்சம் பொறு பிள்ளை."

"நான் பொறுப்பன் மாமி. உள்ளுக்கு இருக்கிறவள் பொறுக்கமாட்டாள்."

த்ரீவீலர் காலி வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றது. தவமலர் பின்னாலிருந்து மகளின் முதுகைத் தடவியபடி அழுதார். ஜனா சாரதிக்குப் பக்கத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு, "மல்லி, இக்மன் கரன்ன" என்று வேகமாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினான். பின்னால் இன்னொரு த்ரீவீலரில் சரோஜினிதேவி இரண்டு பஞ்சாங்கங்களோடும் வந்தார்.

உள்ளே கொண்டுபோன அரைமணித்தியாலத்துக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு கதவு திறந்தது. டொக்டர் ஷிஹாரா வேகமாக வந்தார்.

"பிள்ளையிட இதயத்துடிப்பு இறங்குது. இப்ப எடுக்கணும். அவங்க சைன் வச்சிட்டாங்க." சொல்லி முடிக்கமுன் திரும்பிப் போய்விட்டார்.

சுவர் மணிக்கூடு ஒன்றைத் தாண்டியிருந்தது. நடு ராகு காலம். அம்மாவும் மாமியாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஜனா சுவரில் சாய்ந்து நின்றான். நல்ல நேரம், கெட்ட நேரம், யார் சொன்னது சரி ஒன்றும் அவனுக்கு நினைவில் இல்லை. அவள் வேண்டும், பிள்ளை வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஒன்று பத்துக்கு அழுகை கேட்டது. நல்ல உரத்த, கோபமான அழுகை. பெண்பிள்ளை. தாயும் சுகம் என்று தாதி வந்து சொன்னபோது ஜனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுததை மறைக்கவும் இல்லை.

கால்மணித்தியாலம் எல்லோரும் மனிதர்களாக இருந்தார்கள். பிறகு தவமலர் சம்பந்தியின் பையைத் திறந்து தன் திருக்கணிதத்தை எடுத்தார்.

"எனக்கு மூலம் வருது" என்றார் ஈனக்குரலில். "மச்சாள், உங்கட வாக்கியத்தில என்ன கிடக்கு?"

"கேட்டை" என்றார் சரோஜினிதேவி.

பெண்பிள்ளைக்கு ஆகாது என்று பேரெடுத்த நட்சத்திரங்களில் அந்த இரண்டும் உண்டு. தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பஞ்சாங்கங்களும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன.

"இதெல்லாம் மனுசர் அச்சடிக்கிறதுதானே" என்றார் சரோஜினிதேவி.

"வேற என்ன" என்றார் தவமலர். "நேரம் எங்கட கையை விட்டுப் போட்டுது. பேரையாவது நல்லாப் பார்த்து வைப்பம் மச்சாள். எண்ணும் பார்க்க வேணும்."

"ஓமோம். நல்ல நீளமா, லட்சணமா. எங்கட குடும்பத்து மூத்தவர் நமசிவாயம் மாமாட பேரும் எங்கேயாவது வரவேணும். ஜனா, நீ என்ன சொல்லுறாய்?"

"பார்ப்பம்" என்றான் ஜனா, தரையிலிருந்து எழுந்து.

அந்த நேரம் குப்பாயி வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்தாள். சின்னக் கையில் ஒரு பட்டி கட்டியிருந்தது. தவமலர் பிள்ளையை வாங்கி முகர்ந்துவிட்டு, "இஞ்ச பாருங்கோ, பேர் குடுக்க எங்களுக்கு எத்தனை நாள் தவணை இருக்கு?" என்று கேட்டார்.

குப்பாயி பட்டியைத் திருப்பிக் காட்டினாள். அதில் 'கயல்' என்று எழுதியிருந்தது.

"பேரா? அத அந்தப் புள்ள ஏழாம் மாசமே எழுதி என் கையில குடுத்துருச்சுங்களே; 'வயித்த வெட்டுறதும் வெட்டாததும் டொக்டரு பாத்துக்குவாங்க, வீட்ல ரெண்டு பேரும் பேருப் பக்கம் திரும்பாம இருக்க இன்னைக்கே ஒரு சண்டைய மூட்டிவிடப் போறேன் குப்பாயி அக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."