தேசப்பன் வாத்தியாரின் இழுப்பு

மனைவி ரஞ்சிதத்தை ஊருக்கு அனுப்புவதில்லை என்று தேசப்பன் வாத்தியார் திங்கட்கிழமை காலையில் உறுதியாக முடிவெடுத்தார். அதை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. அதனால் அவருக்கு இழுப்பு வந்தது.

ரஞ்சிதத்தின் தங்கை ஞானத்துக்குப் பொதட்டூர்பேட்டையில், தாய் வீட்டில் பிரசவம். ரஞ்சிதம் போனால் லேசில் திரும்பமாட்டாள். அதுவரை திருத்தணி கடைத்தெரு ஓட்டல் சாம்பார்தான் கதி. போன தடவை அதைச் சாப்பிட்டே வாத்தியாருக்குச் சட்டை தொளதொளத்துவிட்டது.

போர்டு ஸ்கூலில் அவர் நடத்துவது சுகாதாரப் பாடம். தசரா லீவில் பள்ளிக்கூடத்து எலிகள் தின்றுவிடும் என்று நுரையீரல் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தார். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாகப் பரவி, நுனியில் திராட்சைக் கொத்து மாதிரி காற்றறைகளில் முடிகிற படம். சின்னக் கிளைகள் சுருங்கினால் இழுப்பு. போன காற்று வெளியே வரத் திணறும். ஆகவே மூச்சை விடும்போதுதான் ‘கீ’ என்று சத்தம் வரவேண்டும். படித்தவர் நடித்தால் பிசகுமா? தோளைத் தூக்கி, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் நாதசுரம் வாசித்தார்.

ரஞ்சிதம் ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள். அவள் அப்பா இழுப்பில்தான் போனார்.

“இன்னாங்க, நைனாவுக்கு வந்த மாதிரியே கீதே.”

“நீ ஊருக்குப் போ. நான் எப்படியோ... கீ... பாத்துக்கறேன்.”

“இந்த நெலமையில உட்டுட்டா? ஞானத்தை அம்மா பாத்துப்பாங்க.”

கட்டிய பெட்டியை அவிழ்த்தாள். வாத்தியார் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவருக்குக் கிடைத்தது அரிசிக் கஞ்சியும் தூதுவளைக் கஷாயமும். புதன்கிழமைக்குள் வயிறு நிஜமாகவே இழுத்தது.

அன்று ஊருக்குக் கொடுத்தனுப்ப ரஞ்சிதம் மசால்வடை சுட்டாள். கட்டிலருகே ஆற வைத்தாள்.

“எண்ணெய்ப் பண்டம். கிட்டப் போவாதீங்க.”

அவள் கஷாயம் வடிகட்டப் போனதும் ஒரு முழு வடை வாத்தியாரின் வாய்க்குள் போனது. உடனே காலடிச் சத்தம். அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

மூச்சும் சாப்பாடும் தொண்டையில் ஒரே வாசல் வழியாக வரும் பங்காளிகள். விழுங்கும்போது குரல்வளைமூடி சாய்ந்து மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சு காத்திருக்க வேண்டும். வருஷாவருஷம் இதை நடத்துகிறவர், வாய் நிறைய வடையோடு, இழுத்துக் காட்டுவதற்காக மூச்சை உள்ளே வாங்கினார். வடை பங்காளியின் வழியில் இறங்கிவிட்டது.

காற்று போகவில்லை. வரவுமில்லை. ‘ரஞ்சிதம்’ என்று கத்தினார். சத்தம் எழவில்லை. குரல் பிறப்பதற்கும் காற்று வேண்டுமே.

ரஞ்சிதம் அறைவாசலில் நின்று காது கொடுத்தாள்.

“அப்பாடா, சத்தம் நின்னுச்சு. தணிகேசன் கண்ணைத் தொறந்தாரு. செத்த தூங்குங்க.”

திரும்பிப் போய்விட்டாள்.

வாத்தியாருக்குக் கண் இருட்டியது. எட்டிப் படத்தைப் பிடித்து இழுத்தார். அது ஆணியோடு பிய்ந்து, சொம்பையும் உருட்டிக்கொண்டு விழுந்தது. ரஞ்சிதம் ஓடிவந்தாள். புருஷன் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. அவர் விரல் படத்தில் மூச்சுக்குழாயின் மேல் முனையைத் தட்டித் தட்டிக் காட்டியது.

அவள் அவரைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தாள். சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இன்னும் பலமாக அடித்தாள். வடைத்துண்டு தெறித்து விழுந்தது.

காற்று உள்ளே பாய்ந்தது. வாத்தியார் இருமினார், அழுதார், நீளமாக, சுத்தமாக மூச்சு விட்டார். ‘கீ’ போட ஞாபகமே வரவில்லை.

ரஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டாள். தரையில் கிடந்த வடையைப் பார்த்தாள்.

“இழுப்பைக் காணோமே.”

“நீ அடிச்ச அடியில அதுவும் கூடவே வந்துட்டாப்ல இருக்கு.”

“ஆங். அப்டித்தான் இருக்கும்.” பெட்டியை மறுபடி எடுத்தாள். “உங்களைத் தனியா உட பயமா கீது. லீவுதானே, நீங்களும் வாங்க.”

மாமியார் வீட்டுச் சமையல். பஸ்ஸில் வாத்தியார் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

பொதட்டூர்பேட்டையில் மழையில் விறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. அடுப்பங்கரை முழுக்கப் புகை. மாமியார் ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். ரஞ்சிதம் அவள் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிப் புருஷனிடம் நீட்டினாள்.

“நீ எழுந்துரும்மா. லீவு முடியற வரைக்கும் அவரே ஊதுவாரு. மூச்சு கெட்டியா கீதான்னு நானே அடிச்சுப் பாத்துட்டேன்.”