தொடக்கூடாத திருகு

“தம்பி, இது எந்தக் காலத்துப் பொட்டின்னு சொல்லுங்க பாப்போம்.”

பெண்ணின் அப்பா வீரமுத்து இப்படிக் கேட்டதும் தமிழழகன் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். எதிரே மேசைமேல் ஒரு மர ரேடியோ. அதன் ஜாதகம் முழுவதும் பக்கத்து அட்டையில் அச்சடித்திருந்தது. ஆனால் அந்த அட்டையை மறைத்துக்கொண்டு நின்றார் வீரமுத்து. வந்ததிலிருந்து எந்தப் பொருளுக்கு முன்னால் போனாலும் மனிதர் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்.

நல்லவேளை, தரகர் முருகையன் சொல்லிக்கொடுத்த மந்திரம் ஞாபகம் வந்தது. தமிழழகன் கைகளைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து, “அந்தக் காலத்துச் சரக்கே தனிங்க” என்றான்.

“கரெக்டா சொன்னீங்க” என்றார் வீரமுத்து.

ஊர் உலகத்தில் பெண் பார்ப்பதென்றால் கோயிலில் பார்ப்பார்கள். வாலிகண்டபுரத்தில் அவ்வளவு பெரிய சிவன் கோயில் சும்மாதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பெரம்பலூரில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் பழைய ரேடியோக்களையும் ராணுவ வயர்லெஸ் பெட்டிகளையும் சேர்த்து வைத்திருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு குடும்பத்தையும் வரவழைத்தவர் முருகையன்.

“பொண்ணோட அப்பாவுக்கு ரேடியோன்னா உசுரு. அது தெரியாத பயலுக்குப் பொண்ணு இல்லேன்னு நிக்கிறாரு. நீங்களும் ரேடியோ பைத்தியம்னு சொல்லி வச்சிருக்கேன். கெடுத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு, அவர் வேறொரு சம்பந்தம் பேச ஜெயங்கொண்டம் போய்விட்டார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். முருகையனுக்கு ஆயிரம் என்பது ஆரம்பம்.

தமிழழகன் ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் சூப்பர்வைசர். ரேடியோவுக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. பெண்ணின் போட்டோவைப் பார்த்தபோது ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்லியிருந்தான். ஆனால் இன்று வாசலில் சிவரஞ்சனி தன் செருப்போடு அவன் அம்மாவின் செருப்பையும் எடுத்து ஓரமாக நிழலில் வைத்தாள். அதோடு அவன் மனசு போய்விட்டது. இவள் இல்லையென்றால் இனிமேல் பெண் பார்க்கவே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

அம்மா பாப்பாத்திக்கு வேறு கவலை. “சம்பந்தம் முடிவானாத்தான்டா அவங்க வூட்டுல கை நனைக்க முடியும். வடை பாயசத்தோட ஆக்கி வச்சிருக்காங்களாம். பாத்து நடந்துக்க” என்று காதைக் கடித்தாள்.

“தம்பி கையால இதப் பாட வையுங்களேன்” என்றார் வீரமுத்து.

சீட்டுக் கிழிக்கும் மணிமொழி வந்து பிளக்கைச் சொருகினாள். “போட்டுப் பாருங்க சார். வால்யூம் திருகை மட்டும் தொடாதீங்க, அது இன்னும் சரியா ஒட்டல” என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள்.

தமிழழகன் சுவிட்சைப் போட்டான். மூச்சில்லை. வால்வு ரேடியோ சூடேறிய பிறகுதான் வாயைத் திறக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தொடக்கூடாத திருகைத் தொட்டு முழுக்கத் திருகினான். அதற்கும் மூச்சில்லை. கடைசியில் வீட்டு டிவிக்குச் செய்யும் வைத்தியத்தைச் செய்தான். தலையில் பட்டென்று ரெண்டு தட்டு. சிவரஞ்சனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உள்ள ஒரு சாமான் போயிடுச்சுங்க” என்றான், பெரிய டாக்டர் முகத்தோடு.

“நானும் அதான் நெனச்சேன்” என்றார் வீரமுத்து.

இருவரும் திரும்பி ரெண்டடி வைத்தார்கள். “மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கட்டுப்படுத்த...” என்று கட்டடம் அதிர ரேடியோ அலறியது. பாப்பாத்தி பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த ராணுவ வயர்லெஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். தமிழழகன் பாய்ந்து சத்தத்தைக் குறைக்கப் பார்த்தான். திருகு கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பிளக்கைப் பிடுங்கினான். மேசை ஃபேன் நின்றது, படைப்புழு நிற்கவில்லை. இன்னொன்றைப் பிடுங்கினான். கண்ணாடிப் பெட்டியின் விளக்கு அணைந்தது. மணிமொழி எழுந்து வந்து சரியான சுவிட்சை அணைத்தாள். பிடுங்கியவற்றைத் திரும்பச் சொருகிவிட்டுப் போனாள்.

வீரமுத்துவுக்கும் வியர்த்துக் கொட்டியது. “சரி, பொண்ணும் பையனும் ரெண்டு வார்த்தை தனியா பேசிக்கட்டும்” என்றார். “இந்தா இருக்கு பாருங்க பட்டாளத்து போன், இதோட ஜோடி அடுத்த ரூம்ல இருக்கு. கைப்பிடியச் சுத்துனா அங்க மணி அடிக்கும். உங்களுக்குப் புடிக்குமேன்னு ஏற்பாடு பண்ணி வச்சேன். நான் போயி லைனப் பாத்துட்டுப் பொண்ணுகிட்ட குடுக்கறேன்.”

அப்பாவும் மகளும் போனார்கள். தமிழழகன் சற்றுப் பொறுத்துக் கைப்பிடியைச் சுற்றினான். மறுபக்கம் எடுக்கிற சத்தம் கேட்டது. கொரகொரப்புக்கு நடுவில் “ம்” என்று மட்டும் வந்தது.

அதற்கு மேல் அவனால் பொய்யைச் சுமக்க முடியவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளிடமாவது உண்மையாக இருக்க வேண்டாமா?

“ஏங்க, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ரேடியோ பத்தி ஒரு மண்ணும் தெரியாதுங்க. முருகையன் சொன்னாரேன்னு தலையாட்டிட்டு இருக்கேன். அந்தத் திருகு கூட என் பையிலதான் கெடக்கு. ஆனா உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. இத உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. மீசை வைத்த இருமல்.

தமிழழகன் போனைப் பட்டென்று வைத்தான்.

“பொண்ணு என்னடா சொல்லுச்சு?” என்றாள் பாப்பாத்தி.

“அம்மா, எடுத்தது அவங்க அப்பா. எல்லாத்தையும் ஒளறிட்டேன்.”

பாப்பாத்தி மகனை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப பஸ் ஸ்டாண்டுல பரோட்டாதான்” என்றாள்.

அடுத்த அறையிலிருந்து வீரமுத்து வந்தார். பின்னால் சிவரஞ்சனி தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். அவர் தமிழழகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பெரிய மூச்சு விட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“சம்பந்தியம்மா, வூட்டுக்குப் போவலாம் வாங்க. மாப்பிள்ளைக்குப் பசிக்கும், கை நனைப்போம்.”

மனிதர் மனசு மாறுவதற்குள் பாப்பாத்தி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றாள். தமிழழகனுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. ஆனால் ஏன் என்றுதான் புரியவில்லை. கடைசியாகக் கிளம்பியவன் மணிமொழி மேசைமேல் அந்தத் திருகை வைத்தான்.

“மன்னிச்சிடுங்க. நான்தான் புடுங்கிட்டேன்.”

மணிமொழி இழுப்பறையிலிருந்து பசை டியூபை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “பரவால்ல சார், நேத்து இத உங்க மாமனாரு புடுங்கினாரு, மாப்பிள்ளை ரேடியோ பைத்தியம், மாமனாருக்கு ஒண்ணும் தெரியலேன்னா பொண்ண வேண்டாம்னுடுவாருன்னு முருகையன் சொன்னாராம், பாவம், ஒரு வாரமா இங்கயே கெடந்து அட்டைய மனப்பாடம் பண்ணாரு.”