வெந்நீர் ஊற்றுக்குப் பதினான்கு சீட்டுகள்

அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் ஊர் கால்பந்து அணியை நான் ஒருவனே காப்பாற்றப் போகிறேன்.

எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. மேல்நிலைப் பள்ளியில் பழைய இலக்கியம் நடத்துகிறவன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கியோத்தோ அரண்மனையில் பிரபுக்கள் மான்தோல் பந்தை எப்படி உதைத்தார்கள் என்று கேட்டால் மூன்று மணி நேரம் சொல்வேன். யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லியிருக்கிறேன்.

மினோஹாமா எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் மூடுபனி. மூடுபனிக்குள் ஒரு மைதானம். அதில் சாம்பல் நாரைகள் என்று ஓர் அணி. முதல் பிரிவில் பதினெட்டு அணிகள். ஆண்டு முடிவில் கடைசி மூன்றும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். எங்கள் நாரைகள் ஒவ்வோர் ஆண்டும் பதினைந்தாம் இடத்தில் ஒற்றைக்காலில் நின்று தப்பித்துக்கொண்டிருந்தன.

பதினாறு ஆண்டுகளாக பெரிய மாடத்தில் எனக்கும் என் மனைவி தொமோயேவுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகள். பெரிய மாடம் என்பது மடியில் கம்பளி போர்த்திக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு, கைதட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களின் இடம். பாட்டு, முரசு, குதிப்பு எல்லாம் கோலுக்குப் பின்னால் இருக்கிற மேடையில். அங்கே நிற்பவர்கள் தொண்ணூறு நிமிடமும் உட்காருவதில்லை. அந்தப் பக்கத்தை நான் தொலைநோக்கியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டு உள்ளூரில் முதல் ஆட்டம். தொமோயே என் பக்கத்தில் இருந்தாள். நாலு கோலில் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தன்று அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெயித்தோம். மூன்றாவதுக்கு வந்தாள். மூன்று கோலில் தோற்றோம். ஆற்றுப் பாலத்தில் திரும்பி நடக்கும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் வந்தா தோக்குது. வராட்டி ஜெயிக்குது. என் ராசிதானோ என்னவோ."

"சீச்சீ. படிச்சவங்க பேசற பேச்சா இது?"

"நான் எங்கங்க படிச்சேன்? நீங்கதான் படிச்சீங்க."

இரண்டு நாள் கழித்து இது முழுக்க முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது. எங்கள் நாட்டில் மழைக்காரர்கள் என்று சிலர் உண்டு. அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினால் மழை வரும். அலுவலகச் சுற்றுலாவுக்கு அவர்களைக் கூப்பிடாமல் நைசாகத் தவிர்ப்பார்கள். மழைக்காரர் இருக்கலாம் என்றால் தோல்விக்காரி இருக்கக் கூடாதா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, எதிரணி, கோல், தொமோயே என்று நாலு பத்தி கோடு போட்டேன்.

ஆனால் பெண்டாட்டியிடம் போய், நீ ராசியில்லாதவள், மைதானத்துக்கு வராதே என்று சொல்ல முடியுமா? எனக்கு வீரம் உண்டு. அதற்கு ஓர் அளவும் உண்டு. அதனால் மலையடிவாரத்தில் யுனோசாவா என்கிற வெந்நீர் ஊற்று விடுதிக்கு, தேதி போடாத பகல் குளியல் சீட்டு பதினான்கு வாங்கினேன். உள்ளூரில் மிச்சமிருந்த ஆட்டங்களும் பதினான்கு.

"தொமோயே, உன் தோள்பட்டை வலி எப்படியிருக்கு?"

"எனக்கு ஏதுங்க தோள்பட்டை வலி?"

"இருக்கும். உனக்குத் தெரியல. இந்தா, வெந்நீர்ல கிடந்துட்டு வா."

"பதினாலு சீட்டா? குளிக்கவா, வேக வைக்கவா?"

"எண்ணாதே. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போயிட்டு வா."

"அன்னிக்கெல்லாம் ஆட்டமாச்சே?"

"அப்படியா? நான் கவனிக்கலியே."

"உங்களைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் போய் சுகமா குளிக்கறதா? மனசு கேக்குமா?"

"கேக்கும். பழகிடும்."

இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது.

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை. மைதானத்தைச் சுற்றியிருந்த செர்ரி மரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. என் பக்கத்து இருக்கை காலி. அதற்கு அடுத்த இருக்கைக்காரர், பல் வைத்தியர் நிகாய்தோ, தன் சோற்றுப் பெட்டியை அதன்மேல் வைத்தார். அப்போதுதான் அந்த முரசைக் கேட்டேன்.

கோலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு முரசு இருக்கும். பழைய ஆள் அடித்தால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இது வேறு. அவசரமே இல்லாத அடி. தூரத்துக் கடல் மூச்சு விடுவதுபோல வந்தது. பூவிதழ்கள் அதன் கணக்குக்கு விழுந்தன. வீரர்கள் ஓடுவது ஓட்டமாகத் தெரியவில்லை. சேற்று வயலில் நாரைகள் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோலத் தெரிந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அதற்குள் இரண்டு கோல் போட்டிருந்தோம்.

தொலைநோக்கியைத் திருப்பினேன். முரசுக்காரரின் முகம் தெரியவில்லை. பூந்தாது ஒவ்வாமைக் காலம் என்பதால் ஊரில் பாதிப் பேர் வெள்ளை முகமூடி போட்டிருந்தார்கள். இவரும் போட்டிருந்தார். தலையில் அணியின் சாம்பல் துண்டு.

மாலையில் தொமோயே வந்தாள். கையில் பலகாரப் பெட்டி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. வெளியூர் போனவர் பலகாரப் பெட்டி இல்லாமல் வீட்டுக்குள் வர மாட்டார். பெட்டியோடு வந்தவரை எங்கே போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"இன்னிக்கு ஒரு புது முரசு, தொமோயே! என்ன நிதானம்! ஏதோ புத்த மடத்துல பத்து வருஷம் தியானம் பழகின பையனா இருக்கணும்."

"பையனா?"

"பின்னே? பொம்பளை கைக்கு அந்த நிதானம் வருமா?"

"வராதுங்க," என்று ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். குரல் கட்டியிருந்தது. வெந்நீர் ஆவி என்றாள். விரலில் இரண்டு பிளாஸ்திரி. குளியல் அறைப் படிக்கட்டு என்றாள். பெட்டியைத் திறந்தேன். ஹிரோஷிமாவில் செய்கிற இலை வடிவக் கேக். எங்கள் மலை விடுதியில் ஹிரோஷிமாப் பலகாரமா?

"குளிக்க வந்த ஒரு அம்மா குடுத்தாங்க," என்றாள்.

அந்தக் கேக்கின் வரலாற்றை அரை மணி நேரம் சொன்னேன். அன்று எங்களோடு ஆடியதும் ஹிரோஷிமா அணிதான். என்ன பொருத்தம் என்று இருவரும் வியந்தோம். நான் அவளைவிட அதிகமாக வியந்தேன்.

மே மாதம் ஷிஸுவோகா அணி வந்தது. தொமோயே தேயிலை மிட்டாயோடு வந்தாள். ஜூனில் மழைக்காலம் பிடித்தது. மைதானமே நீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. முரசு ஏரியின் அடியிலிருந்து கேட்டது. ஜூலையில் வயல் தவளைகளும் முரசும் போட்டி போட்டன. முரசுக்காரர் இப்போது வெயிலுக்காக மூக்குவரை துண்டு சுற்றியிருந்தார். முரசின் தோலில் மூன்று சுழிகள் சேர்ந்த சின்னம். அதற்குப் பெயரே தொமோயே என்றும், நீர்ச்சுழியைக் குறிப்பது என்றும், கோயில் முரசுகளில் எப்படி வந்தது என்றும் என் மனைவிக்கு விளக்கினேன்.

"அட, என் பேரா?" என்றாள்.

"தற்செயல்தான்," என்றேன்.

எப்போதாவது தோற்றும் போனோம். அன்று விசாரணை நடக்கும்.

"குளிக்கும்போது ஆட்டத்தை நினைச்சியா?"

"லேசா நினைச்சேங்க."

"நினைக்காதேன்னேன்ல? முரசும் இன்னிக்கு ஒரு மாதிரி தொய்வா இருந்தது."

"தொய்வா? ரெண்டாவது பாதியில நல்லாத்தானே..." என்றவள் நிறுத்தி, "...அடிச்சிருப்பாரு. நல்லா அடிக்கறவர்னு நீங்கதானே சொல்வீங்க," என்று முடித்தாள்.

உள்ளூரில் வாரிக் குவித்த புள்ளிகளை நாரைகள் வெளியூரில் போய்த் தொலைத்தன. அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நான் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தோற்றார்கள். டிசம்பர் முதல் சனிக்கிழமை, ஆண்டின் கடைசி ஆட்டம், எங்கள் ஊரில். ஜெயித்தால் முதல் பிரிவு. சமநிலை என்றாலும் இறக்கம்தான்.

காலையில் தொமோயேவிடம் பதினான்காவது சீட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இன்னிக்கு ஆட்டத்தை நினைக்கவே கூடாது. சத்தியமா?"

"வெந்நீர்ல இருக்கும்போது நினைக்கவே மாட்டேன். சத்தியம்," என்றாள்.

பாதி மழை, பாதி பனி. எண்பத்தெட்டாவது நிமிடம்வரை ஒன்றுக்கு ஒன்று. கோலுக்குப் பின்னால் பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றுபோனது. முரசு மட்டும் நிற்கவில்லை. ஒரு அடி. இடைவெளி. ஒரு அடி. பனிக்குள் ஏதோ பெரிய மிருகத்தின் இதயம் துடிக்கிற மாதிரி. பெரிய மாடத்தில் பதினாறு ஆண்டில் முதல்தடவையாக யாரோ எழுந்து நின்றார்கள். பார்த்தால் நான். எங்களுக்கு கார்னர் கிடைத்தது.

"டாக்டர், அரண்மனைப் பந்தாட்டத்துல கார்னரே கிடையாது தெரியுமா?" என்று நிகாய்தோ பக்கம் திரும்பினேன். "மைதானத்தோட நாலு மூலைக்கும் நாலு மரம். அதுல ஒண்ணு..."

மைதானம் வெடித்தது. பிரேசில்காரர் ஜில்மாரின் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே போனதாம். அந்தக் கோலை நான் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. முதல் பிரிவில் தப்பித்தோம். வீரர்கள் வழக்கம்போல வரிசையாகக் கோலுக்குப் பின்னால் போய்த் தலை குனிந்து வணங்கினார்கள். பெரிய திரையில் முரசுக்காரரைக் காட்டினார்கள். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தியாரையா, அது உங்க வீட்டம்மா மாதிரி இல்ல?" என்றார் நிகாய்தோ.

"என் மனைவி இப்ப வெந்நீர்ல இருக்கா."

"அப்படியா? மூஞ்சியைப் பாத்தா தண்ணி ரொம்பச் சூடு போலிருக்கே."

மாலையில் தொமோயே வந்தாள். கையில் பலகாரப் பெட்டி.

"வந்துட்டேங்க. ஊற்று இன்னிக்கு அருமை."

"திரையில பாத்தேன்."

ஒரு நொடி நின்றாள். "குண்டா தெரிஞ்சேனா?"

"தொமோயே! உனக்கு முரசடிக்கத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் கோயில் திருவிழாவுல அடிச்சிருக்கேன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னேன். நீங்க தேநீர்க் கிண்ணத்தோட வரலாற்றைச் சொல்லிட்டிருந்தீங்க."

"அப்ப பலகாரம்?"

"எதிரணி ஆளுங்க முரசுக்காரிக்குன்னு ஊர்லேர்ந்து கொண்டு வர்றது."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே? அங்க போய் நிக்கணும்னு."

பெட்டியைக் கீழே வைத்தாள். "பதினாறு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்தேன். ஒரு கோல்கூட நான் பாத்ததில்ல, தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு தடவையும் பந்து கோல்கிட்ட போறப்ப, 'தொமோயே, இங்க பாரு'ன்னு என்னைத் திருப்பி எதையாவது விளக்குவீங்க. மத்தவங்க கத்தறதை வச்சுத்தான் கோல்னு தெரிஞ்சுக்குவேன். இந்த வருஷம் எல்லா கோலையும் பாத்தேங்க. அந்த முழங்கால் கோலையும் பாத்தேன்."

அந்த முழங்கால் கோலை நானும் மற்றவர்கள் கத்தியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். ஆனாலும் தர்க்கத்தை விடலாமா?

"சரி. நீ இருந்தே ஜெயிச்சிருக்கோம்னா ராசியெல்லாம் பொய்னு ஆகுதா? அடுத்த வருஷம் ஒரு ஆட்டத்துக்காவது வந்து பக்கத்துல உக்காரு. நான் பேசல."

"பொய்யெல்லாம் இல்லீங்க. கணக்குல ஒரு பத்தி விட்டுட்டீங்க." என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தொமோயே என்ற பத்திக்குப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஐந்தாவதாக ஒரு பத்தி. தலைப்பு: அவர். "இந்த வருஷம் நீங்க மூணு ஆட்டம்தான் பாக்கல. பள்ளிக்கூடச் சுற்றுலா, எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம், கடைவாய்ப் பல் பிடுங்கின அன்னிக்கு. மூணும் வெளியூர். மூணும் ஜெயிச்சது. மத்த வெளியூர் ஆட்டமெல்லாம் டிவியில பாத்தீங்க. என்னாச்சு?"

"உள்ளூர்ல நான் இருந்தேனே! ஜெயிச்சோமே!"

"நீங்க இருந்தும் ஜெயிக்கணும்னா எவ்வளவு அடிக்க வேண்டியிருந்துச்சு தெரியுமா?" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. "முரசு மேடையில எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். உங்களுக்கு ரேடியோ உண்டு. கேக்கலாம். பாக்கக் கூடாது."

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். பதினான்கு சீட்டும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன.

"தேதி போடாத சீட்டா வாங்கினீங்க பாருங்க, அங்கதாங்க உங்க படிப்பு தெரியுது."

இப்போது மறுபடி மே மாதம். யுனோசாவா மலையில் மூங்கில் துளிர் விட்டிருக்கிறது. ஆவி எழும்பி மேகத்தோடு சேர்கிறது. எங்கே ஆவி முடிகிறது, எங்கே மேகம் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. ஐந்து சீட்டு தீர்ந்துவிட்டது. நாரைகள் நாலாம் இடத்தில் இருக்கின்றன. விடுதிக்காரர் ஜன்னலில் வைத்த ரேடியோவில் வர்ணனைக்குப் பின்னால் அந்த முரசு கேட்கிறது. மலை தாண்டி வரும்போது இன்னும் மென்மையாக இருக்கிறது. மூன்று கோல் முன்னிலை. தண்ணீரில் கழுத்துவரை மூழ்கி, கண்ணை மூடினால் சாம்பல் நிற இறக்கைகள் தெரிகின்றன.

போன சனிக்கிழமை குளத்தின் எதிர்க்கரையில் ஒரு பெரியவர் தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம், "அந்த முரசு அடிக்கறது என் மனைவிதான்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. சூடு தாங்காமல் கரையேற ஒரு காலை எடுத்து வைத்தேன்.

பெரியவர் பதறிப்போய் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "நீங்கதானா அவரு? எழுந்துடாதீங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆட்டம் இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."