அலை நிபுணரும் அசையாத நோயாளியும்

இஸ்திரிக் கடை மாடியில் மனசைப் படிக்கும் இயந்திரத்தோடு ஓர் 'அலை நிபுணர்' வந்து இறங்கிவிட்டார்! அப்புறம் கேட்க வேண்டுமா? படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. தேர்வில் தோற்றவர், தூக்கம் கெட்டவர், ஒரு குறையும் இல்லையே என்று குறைப்பட்டவர், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வாசலில் ஒரு பலகை: 'இன்று காலை வெளிவந்த ஆராய்ச்சி.' அந்த 'இன்று காலை' நான்கு மாதமாக விடிந்துகொண்டே இருந்தது.

எதிர்க்கடைத் தையல்காரி பல்லைக் கடித்தாள். அவள் தங்கை பஸ் கண்டக்டர். மூன்று வாரமாகப் பஸ்ஸைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. திங்கட்கிழமைக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் சீட்டு கிழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் இருக்கிறார். ஒருமுறை போனவள் மறுபடி போகமாட்டேன் என்கிறாள்.

"அவர் கேள்வியா கேக்கறார்க்கா. மாடியில இருக்கறவர் கேக்காமலே எல்லாம் சொல்றாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா எண்ண அலையெல்லாம் மோதிக்குமாம்."

"புளுகறவனுக்குக் கேள்வி எதுக்குடி?"

நிபுணரின் முறையே தனி. எண்ணம் கசியாமலிருக்க, நோயாளியைத் தலை முதல் கால் வரை கருப்புத் துணியால் மூட வேண்டும். தலையில் எஃகுச் சட்டியைக் கவிழ்ப்பது உறவுக்காரர் வேலை. நோயாளி மூச்சு விடலாம், பேசக் கூடாது. நிபுணர் பக்கத்து அறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு அலைகளைப் பிடிப்பார்.

மறுநாள் தையல்காரி, மூடிய ஓர் உருவத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாள். தங்கை பின்னால் வந்தாள்.

"பாவம், நடக்கக்கூட முடியலியே!" என்று கூட்டம் வழிவிட்டது.

சட்டி கவிழ்ந்தது. பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"அடேயப்பா! மூளை ஒரு நிமிஷம் ஓயல. சின்ன வயசுல பட்ட அடி. முன்கோபம் ஜாஸ்தி. சாப்பாட்டைப் பாதியாக் குறைங்க."

"மூச்சு எப்படி இருக்குங்க?"

"எக்கச்சக்க வேகம்மா!"

தையல்காரி படிக்கட்டுப் பக்கக் கதவை விரியத் திறந்து, துணியை உருவினாள். உள்ளே, அவள் கடையில் உடுப்பு மாட்டி வைக்கும் பொம்மை. ஒரு கை இல்லை. சிரிப்பு மட்டும் குறையவில்லை.

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்துத் தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. நிபுணர் எட்டிப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், பின்வாசலைப் பார்த்தார். அவர் போன வேகத்தை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கே போவோம். எவ்வளவு வேணா கேக்கட்டும், பதில் சொல்றேன்."

பொம்மையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, வரிசையில் முதலாவதாக நின்ற கணக்கு வாத்தியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பொம்மை மனசையே படிச்சிட்டாரே! நம்ம மனசெல்லாம் எம்மாத்திரம்!"

தையல்காரி நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், இதுக்கு யோசிக்க மூளை இல்ல. உங்களுக்கு என்ன கேடு?"