வயதுக்கோடு

வெண்மேட்டு நாட்டில் பிறந்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. சந்தை வாசலில் ஒரு பனங்கம்பம் நின்றது. அதில் ஒரு சிவப்புக் கோடு. எவருடைய உச்சந்தலை கோட்டைத் தொட்டதோ அவர் பெரியவர், தொடாதவர் பிள்ளை. தொட்ட அன்று வீட்டில் மோதகம் அவிப்பார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் போர் மூண்டபோது, ஒரு பிள்ளையைக்கூட அனுப்பமாட்டேன் என்று மன்னர் கோயிலில் சத்தியம் செய்தார். மன்னர் சொன்ன சொல் தவறாதவர். ஆகவே பெரியவர்கள் தீர்ந்ததும் கோடு நான்கு விரல் இறங்கியது.

"கோடு இறங்கவில்லை," என்று அளவை அமைச்சர் விளக்கினார். "மன்னரின் நல்லாட்சியில் மக்கள் உயர்ந்துவிட்டார்கள். அதற்கேற்பக் கோடு திருத்தப்பட்டுள்ளது."

மக்கள் கைதட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மொட்டை அடித்தார்கள். மறுவாரமே மொட்டைத் தலைக்கு நான்கு விரல் கூட்டி அளக்கும்படி ஆணை வந்தது.

என் அக்கா வதனி பதின்மூன்று மாரி கண்டவள். வாய் சும்மா இராது. தேர்தல் கூட்டத்தில் எழுந்து அமைச்சரைக் கேட்டாள்.

"ஐயா, கோட்டைத் தொட்டால் பெரிய ஆள் எண்டால், எங்களுக்கு வாக்கும் தருவீங்களோ?"

கூட்டம் சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்வி. அரசு பரிசீலிக்கும்."

மறுநாள் காலை கம்பத்தின் உச்சியில் வாக்குக்கென்று தனிக் கோடு இருந்தது. யானைமேல் ஏறினால் தொடலாம். யானை அரண்மனையில் மட்டும்தான் இருந்தது. அந்த ஆண்டு தகுதியுள்ள அனைவரும் தவறாமல் வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது.

மூன்றாம் முறை கோடு இறங்கியபோது அது அக்காவின் புருவத்துக்கு வந்தது. அம்மா அவளுக்கு நீளப் பாவாடை தைத்தாள். உள்ளே முழங்காலை மடக்கி நடக்கப் பழக்கினாள்.

"வாத்து மாதிரி ஆடாதை, பிள்ளை."

"நீங்கள் ஒருக்கா நடந்து காட்டுங்கோவன், அம்மா."

அளக்கும் நாளில் அவள் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது. அளவுகாரர் 'பிள்ளை' என்று எழுதியும்விட்டார். அக்கா திரும்பி, ஆடி ஆடி எங்களை நோக்கி வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தரம்தான் சிரித்தேன்.

அளவுகாரர் என்னைப் பார்த்தார். நான் எதைப் பார்த்துச் சிரித்தேனோ அதையும் பார்த்தார். எழுந்து வந்து பிரம்பு நுனியால் பாவாடை விளிம்பைத் தூக்கினார். அதுவரை 'எடி பிள்ளை' என்று அழைத்தவர் குரலை மாற்றிக்கொண்டார்.

"நிமிர்ந்து நில்லுங்கோ, அம்மா."

அக்கா நிமிர்ந்தாள். போருக்கு ஆளேற்றும் வண்டியில் ஏறும்போது, "அழாதையடி. நான் நடந்த நடைக்கு ஆர்தான் சிரிக்காயினம்?" என்றாள்.

பதினொரு நாளில் அரச முத்திரையோடு ஓலை வந்தது. 'மூத்த குடிமகள் வதனி அம்மையார் நாட்டுக்காக மறைந்தார்' என்று எழுதியிருந்தது. அம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே எடுத்து வாசித்தேன்.

போர் முடிந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் கேட்டார்கள் என்பதற்காக விசாரணை மன்றம் ஒன்று அமைந்தது. பிள்ளை ஒருவர்கூடப் போரில் சாகவில்லை என்று மன்னர் பதிவேட்டைக் காட்டினார். மறுத்துச் சொல்ல விரும்பும் பெரியவர் எவரும் வரலாம் என்று பறையறைந்தார்கள். அக்காவின் பழைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அது அவளுடைய அளவைச் சொல்லும் என்று நினைத்தேன்.

மன்றத்து வாசலில் புதிய கம்பம் நின்றது.

"சமாதான காலத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பது அரசின் கடமை," என்றார் அமைச்சர். "ஆகவே கோட்டை உயர்த்தியிருக்கிறோம். பிள்ளைகளின் சாட்சி செல்லாது."

அன்று வந்திருந்த முந்நூறு பேரில் ஒருவர் தலையும் எட்டவில்லை.

அதன் பிறகு அமைச்சர்கள் ஆறு பேர் மாறிவிட்டார்கள். மன்றம் இன்னும் திறந்தே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை போய் நிற்கிறேன். என் முடி முழுதும் நரைத்துவிட்டது. இந்த ஆண்டு இருந்த அளவுகாரன் போர் முடிந்து நெடுநாள் கழித்துப் பிறந்தவன், நல்ல பையன். கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கன்னத்தை மெல்லத் தட்டினான்.

"வளர்ந்த பிறகு வாங்கோ, பிள்ளை."