ஒரு கால் மலையில்

தாயபுரி நாட்டில் போர் கிடையாது. அண்டை நாட்டோடு தகராறு வந்தால் மைதானத்தில் பெரிய தாயக்கட்டம் கீறி, குடிமக்களையே காய்களாக நிறுத்தி ஆடித் தீர்த்துக்கொள்வார்கள். வெட்டுப்படும் காய் நிஜமாகவே வெட்டுப்படும். மற்றபடி இது வெறும் விளையாட்டுதான் என்றது அரசிதழ். ஆட்டக்காரர்களைக் காய்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தன. அதில் காய்களுக்குப் பெருமையும் உண்டு.

பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு 'மலை' என்று பெயர். மலையில் நிற்பவரை வெட்டக் கூடாது. விதி அவ்வளவுதான்.

ஏரித் தகராறில் வேம்புலி என்ற குயவர் காயாக நின்றார். அவரை வெட்டும் தாயம் எதிரிக்கு விழுந்தது. சங்கிலி என்ற வெட்டுக்காரன் வாளோடு வந்து குனிந்து பார்த்தான். ஒரு கால் மலையில், ஒரு கால் கோட்டுக்கு வெளியே.

"வெட்டவாங்க?" என்று அமைச்சர்கள் அமர்ந்திருந்த மேடையைப் பார்த்துக் கேட்டான்.

விதி விளக்க அமைச்சர் நுண்பொருளார் தொண்டையைச் செருமினார். "நிற்றல் என்பது இரு கால்களாலும் நிற்பதாம். ஒரு கால் வெளியே எனில் வெட்டலாம்."

வேம்புலி சட்டென்று வெளிக்காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தாயம் போடாமல் நகர்த்திய கால் செல்லாது" என்று இரண்டாம் விளக்கம் வந்தது.

வேம்புலி காலைத் தூக்கினார். "எங்கங்க வைக்கட்டும்?"

"பரிசீலனையில் இருக்கிறது."

ஒற்றைக் காலில் அரை நாழிகை போயிற்று. கூட்டத்திலிருந்து அவர் மனைவி காத்தாயி கத்தினாள்: "யோவ், பேசாம உக்காருய்யா. நிக்கிறவனுக்குத்தானே இந்த ரோதனை."

உட்கார்ந்துவிட்டார். சங்கிலி தலையைச் சொறிந்தான்.

அமைச்சர் விதியை மூன்று முறை படித்தார். "பாதுகாப்பு நிற்பவருக்கே. உட்கார்ந்திருக்கும் எவரையும் வெட்டலாம்."

சங்கிலி வேம்புலியைப் பார்த்தான். பிறகு மேடையில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தான்.

அமைச்சரவை மொத்தமாக எழுந்து நின்றது. நான்காம் விளக்கம் நின்றபடியே வாசிக்கப்பட்டது: "இனி மேடையே மலை. கீழே உள்ளவை வெறும் கோடுகள்."

மேடையில் கைதட்டல்.

"அப்ப கட்டமே இல்லயா?" என்றார் வேம்புலி.

"அப்படித்தான் சொல்றாங்க" என்றான் சங்கிலி.

வேம்புலி எழுந்து, வேட்டி மண்ணைத் தட்டிவிட்டு, நிதானமாக மேடையேறினார். மற்ற காய்களும் ஏறின. எதிரி நாட்டுக் காய்களும் ஏறின. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, இன்னும் ஆள் வருது" என்று வேம்புலி இடம் ஒழுங்கு செய்தார்.

நெரிசலில் நுண்பொருளாரின் ஒரு கால் மேடையை விட்டு நழுவித் தரையைத் தொட்டது.

சங்கிலி குனிந்து பார்த்தான்.

"ஐயா, அந்த மொத விளக்கம் இன்னும் இருக்குங்களா?"

அதை யாரும் ரத்து செய்திருக்கவில்லை.