சனிக்கிழமை வண்டில் பூட்ட வேண்டாம்

காத்தான்குடி,
1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆந் திகதி, வியாழக்கிழமை,
பின்னேரம் நாலு மணி இருபது நிமிடம்.
இந்த நிமிடம் வரை நான் குடித்த கஞ்சி: ஐம்பது கோப்பை. ஐம்பத்தோராவது பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது.

கண்ணியத்துக்குரிய வாப்பா அவர்களுக்கு, மகன் அப்துல் கபூர் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் இரைப்பை ஒன்றைத் தவிர. அங்கே உங்களுடைய சுகத்தையும் உம்மாவுடைய சுகத்தையும் அறிய ஆவல். மரியாதை இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். கடிதத்தைக் கையோடு கொண்டுபோக மஜீட் காக்கா விறாந்தையில் காத்திருக்கிறார், விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மணிக்கு அவர் வந்து, நீங்கள் சொல்லியனுப்பியதை ஒரு சொல் குறையாமல் சொன்னார். "எங்கட புள்ளைக்கு மூணு நேரமும் கஞ்சி ஊத்தி, அதையும் எண்ணிக் கடதாசியில எழுதி ஒட்டுற ஊட்டுல அவன் இனி இரிக்கப்படாது. சனிக்கிழமை அஞ்சு பேரோட வண்டில் பூட்டி வாறன், பெட்டியக் கட்டி வைக்கச் சொல்லு." மஜீட் காக்காவின் குரல் உங்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் நின்ற மாமிக்கு மட்டுமல்ல, தெருக்கோடிக்கும் கேட்டிருக்கும். வாப்பா, கஞ்சி உண்மை. கடதாசி உண்மை. எண்ணிக்கையும் சரி. ஆனால் அதிலுள்ள கையெழுத்து என்னுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன். கலியாணம் முடிந்து இந்த வீட்டுக்கு நான் வந்த நாள் தொடக்கம், காலையில் ரொட்டியும் ஈரல் கறியும், பத்து மணிக்கு வட்டிலப்பம், மதியம் நெய்ச்சோறும் பொரித்த கோழியும் வாவி நண்டும், அதன் தலையில் எருமைத் தயிர், பின்னேரம் தொதல், இரவு இஷாத் தொழுகை முடிந்து வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. புது மாப்பிள்ளை 'போதும்' என்றால் கறி சரியில்லை என்று அர்த்தமாம், ஆகவே இன்னொரு கறி வரும். இது போதாதென்று ஹஜ்ஜுப் பெருநாளன்று மாமியின் உறவுக்காரப் பெண்கள் ஏழு பேர் ஏழு வீட்டில் விருந்து வைத்தார்கள், ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் சண்டை வருமென்று ஏழு வீட்டிலும் தின்றேன். ஒரு குளத்தின் கொள்ளளவு என்ன, வரத்து என்ன, துருசு எவ்வளவு தண்ணீர் விடும் என்று பார்க்கத்தான் கொழும்பில் எனக்குப் படிப்பித்தார்கள். உன்னிச்சைக் குளத்தைக்கூட யாரும் இப்படி நிரப்பியதில்லை.

பெப்ரவரி 22ஆந் திகதி காலை நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போகையில் கல்லடிப் பாலத்தின் நடுவில் வயிற்றில் யாரோ ஆணியடித்ததுபோல் இருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டுப் பாலத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் பெட்டியோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாயப் போறியா? பாயிறதெண்டா சைக்கிள எனக்குத் தந்துட்டுப் பாய்" என்றா. பாயவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு, அப்போதிக்கரி ஹேர்பர்ட் ஐயாவிடம் போனேன்.

"கலியாணம் கட்டி எத்தின நாள்?" என்று கேட்டார்.

"ஐம்பத்தாறு."

"எங்க?"

"காத்தான்குடியில."

"அப்ப சட்டையக் கழட்டத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, நாற்பது நாளைக்கு மூன்று வேளையும் கஞ்சி, இறைச்சி இல்லை, மிளகாய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, தயிர் இல்லை என்று எழுதித் தந்தார். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். உப்பு இருக்கிறது என்றார்.

வாப்பா, வயிற்று வருத்தம் எனக்கு, ஆனால் விழுந்து படுத்தது கைறுன்னிஸா மாமி. மாமி என்னோடு நேரே பேசுவதில்லை, திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோல் எனக்குச் சொல்லுவா. "புள்ள, மருமகனுக்குக் கஞ்சி ஊத்தின ஊடு எண்டு ஊர் சொன்னா நான் எந்த முகத்தோட வெளியில இறங்குற?" அப்போதிக்கரியின் துண்டைக் காட்டினேன். ஊர் துண்டை வாசிக்காது, கோப்பையைத்தான் பார்க்கும் என்றா. அதுவும் சரிதான். கடைசியில் மாமியே ஒரு வழி கண்டுபிடித்தா. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் கஞ்சி குடிப்பது, குசினியில் வழக்கம்போல் கோழி பொரிப்பது. வாசனை தெருவுக்குப் போகும், கஞ்சி எனக்குப் போகும். பொரித்த கோழி எங்கே போகும் என்று கேட்டீர்களானால், பதியுதீன் மாமாவுக்குப் போகும். என் மாமனார் முதல் வாரம் சந்தோஷமாகத் தின்றார். இரண்டாம் வாரம் பெல்டை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டார். இப்போது காலையில் என்னைக் கண்டால் ஸலாத்துக்கு முன் "மருமகன், நாப்பதுக்கு இன்னம் எத்தின நாள்?" என்றுதான் கேட்கிறார்.

உங்கள் மருமகள் ஸகியா செய்ததையும் சொல்லவேண்டும். முதல் நாளே தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தா. உனக்கென்ன வருத்தம் என்று கேட்டேன். "நீங்க கஞ்சி குடிக்க நான் நண்டு திண்டா இறங்குமா?" என்றா. நான் ஒரு கடதாசி எடுத்து அட்டவணை போட்டேன். திகதி, நேரம், கோப்பை, வலியின் அளவு பத்துக்கு எத்தனை. அதைக் கதவின் பின்பக்கத்தில் ஒட்டினேன். கதவு திறந்திருந்தால் யாருக்கும் தெரியாது. சாத்தினால் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை, ஓவசியர் வேலைக்கு இது பெரிய பிழை. திங்கட்கிழமை ஏறாவூரிலிருந்து வந்த நபீஸா சாச்சி அந்த அறையில்தான் லுஹர் தொழுதா. தொழுவதற்குக் கதவைச் சாத்தியிருக்கிறா. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சனிக்கிழமை வண்டிலோடு வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மாப்பிள்ளையைப் பெற்றவர் திருப்பி ஏற்றிக்கொண்டு போன வீடு என்று இந்தத் தெரு பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லும். மஜீட் காக்கா பேசி முடித்ததிலிருந்து குசினியில் அம்மிச் சத்தம் இல்லை. இந்த வீட்டில் அம்மி நின்று நான் கேட்டதில்லை. ஸகியா வந்து, "பெட்டியக் கட்டவா?" என்று கேட்டா. முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தா. வாப்பா, நான் வரமாட்டேன். இதைச் சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியாது. ஆகவே வண்டில் பூட்ட வேண்டாம், நீங்களும் வரவேண்டாம்.

உம்மாவுக்கு என் ஸலாம், எனக்காக அழவேண்டாம் என்று சொல்லுங்கள், வலி பத்துக்கு மூன்றுதான். நபீஸா சாச்சிக்கும் ஸலாம். அவவுடைய கண்பார்வை நன்றாயிருப்பது சந்தோஷம், அட்டவணையின் அடியில் என் பெயர் இருந்ததையும் வாசித்திருக்கலாம். உங்கள் துஆவை எந்நேரமும் வேண்டி நிற்கும்,

மகன்
அ. அப்துல் கபூர், ஓவசியர்

பி.கு.: மணி ஐந்து ஐந்து. மேலே 'வண்டில் பூட்ட வேண்டாம், வரவேண்டாம்' என்று எழுதியது செல்லாது. மடிக்கப்போகும்போது பின்வளவில் ஆடு கத்தியது. போய்ப் பார்த்தால் இரண்டு ஆடுகள் கட்டியிருக்கின்றன. பெருநாளுக்கு விருந்து வைத்த அந்த ஏழு பெண்களும் வந்து மா இடிக்கிறார்கள். மாமி படுத்திருக்கவில்லை. "சம்பந்தி வரட்டும் புள்ள. தின்னு பாத்துட்டு, கொண்டுபோறதெண்டாக் கொண்டு போகட்டும்" என்கிறா. பதியுதீன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமகன், ஆறு பேர் காணாது, கூட ஆள் கூட்டி வரச்சொல்லி எழுதுங்க, இல்லாட்டி ரெண்டு ஆடும் எனக்குத்தான்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். ஆகவே கட்டாயம் வாருங்கள். நான் செய்யப்போவது:

1. மேலுள்ளதை அடிக்காமல் அப்படியே அனுப்புவேன், மஜீட் காக்கா இரண்டாந்தரம் தின்று முடித்துவிட்டார், திருப்பி எழுத நேரமில்லை.

2. சனிக்கிழமை இரண்டு சஹன் சோறு போடச் சொல்லுவேன். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர், ஆகவே பன்னிரண்டு பேராக வரவும். ஏறாவூரிலிருந்து இங்கே வந்து சேரும்வரை வழியில் யாருக்கும் ஒன்றும் தின்னக் கொடுக்கவேண்டாம்.

3. அட்டவணையைக் கதவிலிருந்து எடுத்து விறாந்தைச் சுவரில் ஒட்டுவேன், பெயரைப் பெரிதாக எழுதி.

4. நாளை ஜும்ஆவுக்கு முன் பதியுதீன் மாமாவைச் சைக்கிளில் ஏற்றி ஹேர்பர்ட் ஐயாவிடம் காட்டுவேன்.

5. நீங்கள் தின்னும்போது நான் சஹன் பக்கத்தில் என் கோப்பையோடு உட்காருவேன். அது ஐம்பத்தாறாவது. எல்லாரும் பார்க்க மாமியே ஊற்றித் தருவதாக ஒப்புக்கொண்டா: "ரெண்டு ஆட்டுக்குப் பக்கத்தில வெச்சாக் கஞ்சி வெளியில தெரியாது."

6. பெட்டியைக் கட்டமாட்டேன். வண்டிலில் திரும்பி ஏறுவது மிச்சச் சோறு மட்டும்.

7. இப்போது ஐம்பத்தோராவதைக் குடிப்பேன். ஆறிப்போய்விட்டது. ஸகியாவின் கோப்பையும் ஆறிப்போய்விட்டது. நான் எழுதி முடிக்கட்டும் என்று அவ இன்னும் தொடவில்லை.